கடல் இல்லாத ஊர்ல ஒரு பேண்ட் ஸ்டாண்ட்: ரிசப்ஷன் மேடை வாடகை ரிவ்யூ

மேடை பாக்க சூப்பர், வாசிக்கறவங்களுக்கு வேஸ்ட். ஒரே வரியில கேக்கறவங்களுக்கு ரிவ்யூ இவ்ளோதான், இதோட கிளம்பிடலாம். மீதி பேருக்கு விலாவாரியா சொல்றேன், ஏன்னா வர்ற ஆவணி முகூர்த்தத்துக்கு காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் இருந்து நிறைய பேர் இந்த "பேண்ட் ஸ்டாண்ட் தீம்" மேடைய (பேண்டு செட்டு வாசிக்கறதுக்குன்னு பூங்காவுலயும் பீச்சுலயும் கட்டற கூரை போட்ட மேடைதான் பேண்ட் ஸ்டாண்ட்) விசாரிக்கறாங்கன்னு அந்த டெகரேஷன்காரரே சொன்னாரு, காசு குடுக்கறதுக்கு முன்னாடி என்ன வரும் என்ன வராதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. கடை பேரு போடல, குறையும் சொல்லப்போறேனே, அதான். அவங்களும் தப்பான ஆளுங்க கிடையாது.

விஷயம் என்னன்னா, அக்கா பொண்ணு நம்ம வேலூர் சிஎம்சில நர்சிங் முடிச்சுட்டு இங்கிலாந்து போய் அங்க ஈஸ்ட்போர்ன்னு ஒரு கடற்கரை ஊர்ல ஆஸ்பத்திரி வேலையில இருக்கா. நம்ம ஊர்ல இருந்து அப்படி போன பொண்ணுங்க எவ்ளோ பேருன்னு உங்களுக்கே தெரியும், தெருவுக்கு ஒருத்தி. மாப்பிள்ளையும் அங்கதான். ரெண்டு பேரும் டூட்டி முடிஞ்சு சாயந்தரம் சந்திச்சுக்கிட்ட இடம் அந்த ஊர் பீச்சுல இருக்கற பேண்ட் ஸ்டாண்டாம். அதனால ரிசப்ஷன் மேடை அதே டிசைன்ல வேணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நின்னுச்சு. அக்காவுக்கு ஒண்ணும் புரியல, "அது இன்னாடி, பஸ் ஸ்டாண்டா?"ன்னு கேட்டா. தாய்மாமன்ங்கற முறையில இந்த வேலை என் தலையில விழுந்துச்சு. அக்காவ கூட்டிட்டு அந்த ஊருக்கு போயி அந்த இடத்த நேர்ல பாத்தவனும் நான்தான், அதனால ஒரிஜினல் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், டெகரேஷன் ஆளுங்களுக்கு அதுதான் தலைவலியா போச்சு.

ஒரிஜினல பத்தி சொல்லிடறேன், இல்லன்னா காப்பி எப்படின்னு சொல்ல முடியாது. ஈஸ்ட்போர்ன் லண்டன் விக்டோரியா ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல ஒண்ணரை மணி நேரம். டெவன்ஷயர் டியூக் குடும்பம் பாத்து பாத்து கட்டின ஊரு, கடலை ஒட்டின ரோட்டுல கடைங்க வரக்கூடாதுன்னு அப்பவே கண்டிஷன் போட்டுட்டாங்க, அதனால இன்னிக்கும் வரிசையா வெள்ளை வெள்ளையா ஹோட்டல்தான் இருக்கும், பஜ்ஜி கடை கிடையாது. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு பியர்னு ஒரு நடைபாலம் இருக்கு, 1870ல தொறந்தது, 2014ல தீப்பிடிச்சு ஒரு பக்கம் எரிஞ்சும் போச்சு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தா இந்த பேண்ட் ஸ்டாண்ட். 1935ல கட்டினது. நகராட்சி இன்ஜினியரே டிசைன் போட்டதாம், (நம்ம ஊர் கால்வாய் டிசைன நினைச்சு பாத்துட்டு பெருமூச்சு விட்டேன்). மேல நீலக் கலர்ல ஒரு டோம், அதுக்கு கீழ மேடை, மேடைக்கு எதிர்ல அரை வட்டமா ஜனங்க உக்கார்ற இடம், அதுக்கு மேல மாடி மாதிரி இன்னொரு அடுக்கு. இங்கிலாந்து முழுக்க தேடினாலும் இந்த அரைவட்ட ஷேப்ல வேற பேண்ட் ஸ்டாண்ட் கிடையாதுன்னு அந்த ஊர்க்காரங்க பெருமையா சொல்லிக்கறாங்க.

இதுக்கு முன்னாடி அதே இடத்துல இருந்தது வேற ஒண்ணு, வட்டமா, தண்ணிக்கு மேல கால் ஊன்றி நிக்கற டைப்பு. அந்தக் காலத்துல எல்லா ஊர்லயும் அந்த ஷேப்புதான். பக்கத்து ஊர் பிரைட்டன்ல 1884ல கட்டின ஒண்ணு இன்னும் நிக்குது, லாக்வுட்னு ஒருத்தர் டிசைன், இரும்புல பூவேலை பண்ணி கூண்டு கணக்கா இருக்கறதால ஜனங்க "பறவைக் கூண்டு"ன்னே கூப்பிடறாங்க. 2009ல அத முழுசா புதுப்பிச்சாங்க. இதுல சுவாரஸ்யம் என்னன்னா அந்த பிரைட்டன் பேண்ட் ஸ்டாண்டுல இப்போ சட்டப்படி கல்யாணமே பண்ணிக்கலாம், லைசென்ஸ் குடுத்திருக்காங்க. அதனால நம்ம பொண்ணு கேட்டது ஒண்ணும் கிறுக்குத்தனம் இல்ல, இதுல பாதி மாமா பாசம்னாலும் மீதி உண்மைதான்.

சரி மேடைக்கு வர்றேன். ஆர்டர் எடுக்கறப்போ செல்ஃபோன்ல போட்டோ காட்டினோம், அந்த அண்ணன் பாத்துட்டு "பண்ணிடலாம் சார், இதுல இன்னா கீது, நாங்க தாஜ்மஹாலே போட்டுக்கறோம்"னாரு. தாஜ்மஹால் போட்டது நிஜம்தான், ஆம்பூர்ல ஒரு கல்யாணத்துக்கு போட்ட வீடியோவும் காமிச்சாரு. காட்பாடி பக்கம் மண்டபம், பின்னாடி திறந்தவெளி புல்தரை, அங்க போடறதுன்னு முடிவு. முதல் நாள் ராத்திரியே ஜிஐ பைப்பு, ப்ளைவுட்டு, தெர்மாகோல் எல்லாம் ரெண்டு டாடா ஏஸ்ல வந்து இறங்கிடுச்சு. பசங்க விடிய விடிய வேலை பாத்தாங்க, டைம் விஷயத்துல ஒரு குறை கூட சொல்ல முடியாது, சாயந்தரம் ஆறு மணிக்கு ரெடின்னாங்க, அஞ்சரைக்கே பெருக்கி தொடச்சு குடுத்தாங்க.

பாத்தா அசந்துடுவீங்க. டோம் தெர்மாகோல்ல செதுக்கி நீலப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, கிட்ட போய் தட்டி பாத்தாதான் தெரியும். தூணுங்க வெள்ளை, அடியில வெள்ளை ரோஜா, பார் லைட் கீழ இருந்து மேல அடிக்கறப்போ நீலம் நல்லா தூக்கலா தெரிஞ்சுது. பொண்ணு அத பாத்துட்டு அழுதுடுச்சு, அதுக்கே குடுத்த காசு செரிச்சுடுச்சுன்னு அக்கா வீட்டுக்காரர் சொன்னாரு.

ஆனா பின்னாடி கடலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினாங்க பாருங்க. கடல், மணல், ரெண்டு பக்கமும் தென்னை மரம், தூரத்துல ஒரு கட்டுமரம். கோவாவா, கோவளமான்னே தெரியல. ஈஸ்ட்போர்ன் பீச்சு பெரும்பாலும் கூழாங்கல்லு, செருப்பில்லாம நாலடி வைக்க முடியாது, தென்னை மரத்துக்கு அங்க எங்க போறது. மாப்பிள்ளை வீட்டு சைடுல அங்கயே இருக்கற நாலு பேரு வந்திருந்தாங்க, அத பாத்து சிரிச்சு சிரிச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நம்மூருக்குன்னு ஒரு பழைய கிண்டல் உண்டு இல்ல, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981ல மறுபடி சாமி வந்துட்டாரு, அந்த ஒரு காலி இடத்துல கடல் இல்லாத பேண்ட் ஸ்டாண்டுன்னு எழுதிக்கலாம்னு மச்சான் ஒருத்தன் மைக்லயே சொல்லிட்டான். நீங்க எடுத்தா ஃப்ளெக்ஸ் வேணாம்னு சொல்லிடுங்க, கருப்புத் துணியும் சீரியல் லைட்டும் போதும், ராத்திரி கடல் அப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். என்னோட பெரிய கம்ப்ளெயின்ட் வேற.

பேண்ட் ஸ்டாண்டுல பேண்டுக்கு இடம் இல்ல.

டோமுக்கு கீழ நடுவுல ஒரு சிம்மாசனம் சோஃபா, ரெண்டு பக்கம் பூ ஸ்டாண்டு, முன்னாடி கிஃப்ட் வாங்கற டேபிள், முடிஞ்சுது. நாங்க பேண்டு செட்டு தனியா பேசியிருந்தோம், கிளாரினெட், ட்ரம்பெட், யூஃபோனியம், சைடு டிரம், பெரிய டிரம்னு நல்ல பழைய செட்டு. அவங்களுக்கு இடம் எங்கன்னா ஜெனரேட்டர் பக்கத்துல நாலு பிளாஸ்டிக் சேர். பேண்ட் மாஸ்டர் வயசானவரு, அவரு மேடைய பாத்தாரு, என்னை பாத்தாரு, "தம்பி, பேருதான் எங்க பேரு போல"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு.

ஏன் சுருக்குன்னுச்சுன்னா, அந்த கட்டடம் உருவானதே அவரை மாதிரி ஆளுங்களுக்காக. பூங்காவுலயும் பீச்சுலயும் காசு குடுக்காம நாலு பேரு பாட்டு கேக்கணும்ங்கறதே ஒரு காலத்துல பெரிய சண்டை அங்க. 1855ல பெஞ்சமின் ஹால்னு ஒரு அதிகாரி லண்டன் பூங்காவுல ஞாயித்துக்கிழமை மிலிட்டரி பேண்டு வாசிக்க பர்மிஷன் குடுத்தாரு, வாரம் பூரா மில்லுலயும் பட்டறையிலயும் வேலை பாத்த சனங்க ஆயிரக்கணக்குல வந்து நின்னு கேட்டாங்க, சாராயக் கடைக்கு போறதுக்கு இது மேல்னு ஒரு கூட்டம் சொல்லிச்சு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போற நாள்ல டமடமன்னு என்ன இதுன்னு இன்னொரு கூட்டம் கத்திச்சு, கடைசியில அடுத்த வருஷம் ஆர்ச்பிஷப்பே தலையிட்டு நிறுத்த வெச்சாரு. ஆனா ஜனங்களுக்கு ருசி பழகிடுச்சு. 1861ல லண்டன் கென்சிங்டன் தோட்டக்கலை சங்கத்து தோட்டத்துல பிரான்சிஸ் ஃபௌக்னு ஒரு ராணுவ கேப்டன் ரெண்டு பேண்ட் ஸ்டாண்ட் கட்டினாரு, பிரிட்டன்ல முதல் பேண்ட் ஸ்டாண்ட் அதுதான்னு சொல்றாங்க, ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு முதல்ல டிசைன் யோசிச்ச அதே ஆளு. அதுக்கப்புறம் காட்டுத்தீதான். கிளாஸ்கோவுல வால்டர் மேக்ஃபார்லேன் கம்பெனியோட சரசன் ஃபவுண்டரின்னு ஒரு வார்ப்பு இரும்பு பட்டறை, அவன் கேட்டலாக் புக்கே போட்டுட்டான், நம்பர் சொல்லி ஆர்டர் குடுத்தா தூணு, கூரை, கம்பி வேலை எல்லாம் பார்ட் பார்ட்டா கப்பல்ல வந்து இறங்கும், நட்டு போல்ட்டு முறுக்கினா பேண்ட் ஸ்டாண்ட் ரெடி. நம்ம டெகரேஷன் அண்ணன் டாடா ஏஸ்ல கொண்டு வந்ததும் அதே பிசினஸ்தான், அந்த விஷயத்துல அவரு ஒரிஜினலுக்கு ரொம்ப விசுவாசம்.

வெள்ளைக்காரன் போன ஊர்லயெல்லாம் இது போச்சு. பெங்களூர் கப்பன் பார்க்குல எட்டு மூலை இரும்பு பேண்ட் ஸ்டாண்ட் இன்னும் இருக்கு, போறவங்க பாத்திருப்பீங்க. பம்பாய் பாந்த்ராவுல கடலோரம் ஒரு ஏரியாவுக்கே பேண்ட் ஸ்டாண்டுன்னு பேரு, நடிகருங்க வீடு பாக்க கூட்டம் நிக்குமே அந்த இடம், பேண்டு போயி பேரு மட்டும் நின்னுடுச்சு.

சரி, இப்போ அன்னிக்கு நடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மேக்கப் முடிஞ்சு வர எப்படியும் எட்டு ஆகும்னு எல்லாருக்கும் தெரியும் (பத்திரிகையில ஆறரைன்னு போட்டிருந்துச்சு, அது வேற). அதுவரைக்கும் சோஃபாவ ஓரமா தள்ளிட்டு பேண்டு செட்ட மேல ஏத்தி வாசிக்க வைங்கன்னேன். டெகரேஷன் பசங்க பதறிட்டாங்க, "சார் கார்பெட் அழுக்காயிடும் சார், அண்ணன் திட்டுவாரு"ன்னாங்க. அண்ணனுக்கே போன் போட்டேன். அவரு ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு "ஷூவ கழட்டிட்டு ஏற சொல்லுங்க சார், ப்ளைவுட்டு தாங்கும், நானே நின்னு பாத்துக்கறேன்"னு வண்டிய எடுத்துக்கிட்டு நேர்லயே வந்துட்டாரு. இந்த மாதிரி கூப்பிட்டதும் வந்து நிக்கற ஆளு இப்ப கிடைக்கறது கஷ்டம், நான் போடற நாலரை ஸ்டார்ல நாலு அதுக்குத்தான்.

ஏறினாங்க, வாசிச்சாங்க. சத்தம் வரல.

வரலன்னா சுத்தமா வரலன்னு இல்ல, முன்வரிசைக்கு ட்ரம்பெட் கேட்டுச்சு, பெரிய டிரம் மட்டும் தேவைக்கு மேல தும்தும்னு அடிச்சுது, கிளாரினெட் எங்க போச்சுன்னே தெரியல. காரணம் யோசிச்சா சிம்பிள்தான். ட்ரம்பெட் வாய் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் சத்தம் நேரா போகும். கிளாரினெட் அப்படி கிடையாது, ஓட்டை ஓட்டையா எல்லா பக்கமும் கசியும், அதை சேத்து புடிச்சு ஜனங்க பக்கம் திருப்பி அனுப்ப மேல ஒரு கெட்டியான கூரை வேணும். நிஜ பேண்ட் ஸ்டாண்டுல கூரைக்கு அடியில பலகை அடிச்சு வெச்சிருக்கறது அழகுக்கு மட்டும் இல்ல, அதுதான் ஸ்பீக்கர். நம்ம மேடையில டோமு தெர்மாகோல், அதுக்கு அடியில சுருக்கு வெச்ச சாட்டின் துணி, சத்தம் மேல போச்சுன்னா திரும்பி வரவே இல்ல. அடியில வெறும் பைப்பு மேல ப்ளைவுட்டு, உள்ள காலி, அதுமேல பெரிய டிரம்ம வெச்சு அடிச்சா மேடையே ஒரு டிரம்மா ஆயிடுச்சு.

ஈஸ்ட்போர்ன்ல அந்த அரைவட்டம் ஏன்னு அன்னிக்குதான் எனக்கு முழுசா உறைச்சுது. பூங்காவுக்கு நடுவுல இருக்கற பேண்ட் ஸ்டாண்ட் வட்டமா, எல்லா பக்கமும் தொறந்து இருக்கலாம், ஜனங்க சுத்தி நிப்பாங்க. கடலோரத்துல ஒரு பக்கம் தண்ணிதான், அங்க யாரு நிக்கப்போறா, போதாததுக்கு அந்தக் காத்து வாசிக்கற சத்தத்தையும் நோட்டு பேப்பரையும் சேத்து அள்ளிக்கிட்டு போயிடும். அதனால வாசிக்கறவங்க முதுகு கடலுக்கு, கேக்கறவங்க முகம் கடலுக்குன்னு திருப்பி, கேக்கற இடத்த மேடைய சுத்தி கை விரிச்ச மாதிரி வளைச்சு கட்டிட்டாங்க. நான் போன சாயந்தரம் காத்து சட்டைய பிச்சுக்கிட்டு போற அளவுக்கு அடிச்சுது, ஒவ்வொரு கிழவரும் மடியில கம்பளி போத்திக்கிட்டு டெக் சேர்ல சாஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, பாட்டு தெளிவா வந்துச்சு. டிக்கெட் வாங்கித்தான் உள்ள போனோம். கோடை காலம் பூரா அங்க கச்சேரி ஓடும், பழைய மிலிட்டரி பேண்டு மட்டும் இல்ல, பழைய பாப் குரூப்புங்க வேஷம் போட்டு பாடறவங்க, பட்டாசு விடற கச்சேரி எல்லாம் உண்டு. அக்கா பாதியில தூங்கிட்டா, அது குளிர்ல.

நம்ம பேண்ட் மாஸ்டர் கதைய இங்க சொல்லியாகணும். அவரு அஞ்சு நிமிஷத்துல பிரச்சனைய புடிச்சுட்டாரு. பெரிய டிரம்ம கீழ இறக்கி புல்தரையில வெச்சாரு, கிளாரினெட் ரெண்டு பேரையும் மேடை விளிம்புக்கு முன்னாடி இழுத்தாரு, ட்ரம்பெட்ட பின்னாடி தள்ளி கொஞ்சம் சைடு பாக்க சொன்னாரு, துணிய பாதி அவுத்து விடச் சொன்னாரு. அதுக்கப்புறம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. யாரும் அவருக்கு ஒலியியல் சொல்லித் தரல, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுல வைகாசி ஒண்ணாம் தேதி அந்த ஜன சமுத்திரத்துல வாசிச்சு வாசிச்சு வந்த அறிவு. "நாங்க நடந்துகினே வாசிக்கற ஆளுங்க தம்பி, உக்கார வெச்சு கேக்கறவங்க யாரு இருக்காங்கோ"ன்னாரு. அவரு கையில இருந்த ட்ரம்பெட்டு மீரட்ல செஞ்சது, நாடு முழுக்க பேண்டு செட்டு பித்தளை வாத்தியம் பாதிக்கு மேல அந்த ஊரு ஜாலி கோட்டி தெருவுல இருந்துதான் வருது, நாதிர் அலி கம்பெனின்னு 1885ல இருந்து செய்யறாங்க.

இந்த வாத்தியம் நமக்கு ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா அரண்மனையிலயே இங்கிலீஷ் பேண்டு வெச்சிருந்தாரு. முத்துசாமி தீட்சிதர் சின்ன வயசுல மணலியில இருந்தப்போ சென்னை கோட்டையில வெள்ளைக்காரன் பேண்டு வாசிச்சத கேட்டு அந்த மெட்டுக்கே சமஸ்கிருதத்துல சாமி பாட்டு எழுதினாரு, நோட்டு ஸ்வரம்னு இன்னிக்கும் பாட்டு கிளாஸ்ல குழந்தைங்களுக்கு சொல்லித் தர்றாங்களே அதுதான். அன்னிக்கு ராத்திரி நம்ம மாஸ்டரும் நடுவுல ஒரு இங்கிலீஷ் நோட்டு எடுத்தாரு, மாப்பிள்ளை சைடு இங்கிலாந்து பசங்க எழுந்து நின்னு கைதட்டினாங்க. எனக்கு அந்த ராத்திரியில புடிச்ச இடம் அதுதான், சோறு உட்பட.

இன்னொண்ணும் சொல்லணும், கல்யாண ரிவ்யூவுல இது எதுக்குன்னு திட்டாதீங்க. ஈஸ்ட்போர்ன் பேண்ட் ஸ்டாண்ட் கிட்ட ஒரு நினைவுக்கல் இருக்கு, ஜான் வெஸ்லி வுட்வர்டுன்னு ஒரு செல்லோ (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) வாசிக்கறவருக்கு. அந்த ஊரு ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சுட்டு அப்புறம் கப்பல்ல வாசிக்க போனாரு, 1912ல டைட்டானிக் முழுகினப்போ கடைசி வரைக்கும் வாசிச்சாங்கன்னு சொல்ற எட்டு பேருல அவரும் ஒருத்தர். ரெண்டு வருஷம் கழிச்சு ஊர்க்காரங்க கல்லு வெச்சாங்க. கென்ட் கடலோரத்துல டீல்னு இன்னொரு ஊரு, அங்க ராணுவ இசைப் பள்ளியில 1989 செப்டம்பர் 22ந்தேதி ஐஆர்ஏன்னு அயர்லாந்து ஆயுதக் குழு குண்டு வெச்சதுல பேண்டு வாசிக்கற 11 பேரு செத்துப் போனாங்க, அவங்க நினைவுக்கு ஊர்க்காரங்க சிலை வைக்கல, கடலுக்கு பக்கத்துல பேண்ட் ஸ்டாண்ட் கட்டினாங்க, இப்பவும் அதுல வாசிக்கறாங்க. வாசிக்கறவனுக்கு அந்த ஊருங்க குடுக்கற மரியாதை இதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்துட்டு இங்க ஜெனரேட்டர் பக்கத்துல பிளாஸ்டிக் சேர பாத்தா கோவம் வராதா சொல்லுங்க.

அங்கயும் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல வரல. ரெண்டாம் உலகப் போர்ல இரும்பு வேணும்னு நிறைய இடத்துல கம்பியையும் தூணையும் அறுத்துக்கிட்டு போயிட்டாங்க, அப்புறம் ரேடியோ, சினிமா, டிவின்னு வந்து கேக்க ஆளில்லாம போச்சு. பழைய பூங்காவுங்கள்ல இருந்த 438 பேண்ட் ஸ்டாண்டுல பாதிக்கு மேல 1979ல இருந்து 2001க்குள்ள இடிஞ்சோ, உடைக்கப்பட்டோ, சும்மா பூட்டியோ போச்சுன்னு ஒரு கணக்கு உண்டு. அப்புறம் லாட்டரி பணத்துல இருந்து நிதி ஒதுக்கி ஒண்ணொண்ணா சரி பண்ணாங்க. லாட்டரி காசு பேண்டுக்கு போன ஒரே நாடு அதுவாத்தான் இருக்கும். நம்ம கோட்டை மைதானத்துல சாயந்தரம் எவ்ளோ பேரு காத்து வாங்க உக்கார்றாங்க, பெரிய செலவெல்லாம் வேணாம், நாலு தூணும் ஒரு கூரையும் போட்டு வாரத்துல ஒரு நாள் இந்த மாஸ்டர் மாதிரி ஆளுங்கள உக்கார வெச்சா யாரு வேணாம்னு சொல்லப்போறா. போலீஸ் பயிற்சிப் பள்ளி கோட்டைக்குள்ளயே இருக்கு, போலீஸ் பேண்டுக்கு கூட வெளிய தேட வேணாம். சரி விடுங்க, ரிவ்யூவ விட்டு எங்கயோ போறேன்.

காசு விஷயம். சாதாரண பூ மேடைக்கு ஆகறத விட ஒண்ணரை மடங்கு ஆச்சு, பாதி அட்வான்ஸ், மீதி மேடை பாத்த பிறகு. கறாரா பேசினா லைட்டு செலவ உள்ளயே சேத்துக்கறாரு, நாங்க சேக்க வெச்சோம். ஜெனரேட்டர் டீசல் தனி, அத முன்கூட்டியே சொல்லல, கடைசியில பில்லுல வந்துச்சு, கேட்டதுக்கு பாதி கொறச்சுக்கிட்டாரு. டோம் இருக்கறதால ஃபேன் மேல மாட்ட முடியாது, வேலூர் வெயில் சாயந்தரம் ஏழு மணிக்கும் தரையில இருந்து கொதிக்கும்னு தெரியும் இல்ல, மாப்பிள்ளை கோட்டுக்குள்ள அவிஞ்சு போயிட்டாரு, சைடுல ரெண்டு பெரிய பெடஸ்டல் ஃபேன் கேட்டு வாங்கிடுங்க. அக்னி நட்சத்திரத்துல இந்த மேடைய நினைச்சே பாக்காதீங்க. மழைக்கும் ஆகாது, தெர்மாகோல் மேல அடிச்ச பெயிண்ட் லேசா தண்ணி பட்டாலே உரியுது, யாரோ பன்னீர் தெளிச்சதுக்கே ஒரு இடத்துல நீலம் ஒழுகிச்சு.

படி ரொம்ப செங்குத்து. பாட்டிங்க ஏறி ஆசீர்வாதம் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, அக்கா மாமியார் கீழ இருந்தே அட்சதை போட்டுட்டாங்க. கைப்பிடி வேணும்னு சொல்லுங்க, இல்லன்னா சைடுல சாய்தளம் போட சொல்லுங்க, அவருகிட்ட மெட்டீரியல் இருக்கு, கேட்டாதான் போடுவாரு.

பேண்டு நிஜமாவே வைக்கறதா இருந்தா ஆர்டர் குடுக்கறப்பவே மூணு விஷயம் எழுதி வாங்கிக்கங்க: மேடை ஆழம் எங்களுக்கு போட்டத விட ஆறடி கூட வேணும், டோமுக்கு அடியில துணி வேணாம் ப்ளைவுட்டே வெள்ளை அடிச்சு விட்டுடணும், அடியில காலியா விடாம மணல் மூட்டை அடுக்கணும். நான் சொன்னத அந்த அண்ணன் நோட்டுல குறிச்சுக்கிட்டாரு, அடுத்த பார்ட்டிக்கு அப்படித்தான் போடப்போறேன்னாரு. தென்னை மர ஃப்ளெக்ஸ மட்டும் விட மனசு வரல அவருக்கு, "புது ஃப்ளெக்ஸ் சார், இன்னும் நாலு கல்யாணத்துக்கு ஓட்டணும்"னாரு.